கழுமரமும் கற்படுக்கையும்: சமணர் கழுவேற்றக் கதையும் புதுக்கோட்டை வட்டாரச் சான்றுகளும்

ஆய்வுச்சுருக்கம்

மதுரையில் சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்னும் சைவ மரபுச் செய்தி வரலாற்றாசிரியர்களின் காலக்கணிப்பையும் விளக்கங்களையும் எவ்வாறு வழிநடத்தியுள்ளது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சமணச் சான்றுகளின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சிலுவைப்போர்களின் நினைவு வரலாறு ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமணம், கழுவேற்றம், பெரியபுராணம், சித்தன்னவாசல், நார்த்தாமலை, தேனிமலை, திருமயம், சிலுவைப்போர்.

முன்னுரை

சிலுவைப்போர்களைப் பற்றிய நூல்கள் அண்மைக்காலத்தில் இரு கூறாகப் பிரிந்துள்ளன. 1095இல் திருத்தந்தை இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பு முதல் 1291இல் அக்கோ (ஏக்கர்) நகரம் வீழ்ந்தது வரை நடந்தவற்றை ஆராய்வன ஒருவகை. அப்போர்களைப் பிற்காலத்துக் கிறித்தவர், இசுலாமியர், யூதர் ஆகியோர் எவ்வெவ்வாறு நினைவுகொண்டனர் என ஆராய்வன மற்றொருவகை. நடந்ததும் நினைவுகொள்ளப்பட்டதும் வேறுவேறு வரலாறுகள் என்னும் தெளிவு அத்துறையில் வேரூன்றிவிட்டது. தமிழகச் சமயப்பூசல் குறித்த ஆய்வில் இத்தெளிவு இன்னும் முழுமையாக ஏற்படவில்லை. சமணர் கழுவேற்றம் நடந்ததா, இல்லையா என்னும் ஒரே வினாவைச் சுற்றியே விவாதம் நிகழ்கிறது. நடந்தது என்போர் பெரியபுராணத்தைச் சான்று காட்டுவர். நடக்கவில்லை என்போர் அதனைக் கட்டுக்கதை என ஒதுக்குவர். இரு சாராரும் அந்நூலை ஏழாம் நூற்றாண்டைக் காட்டும் சாளரமாகவே கொள்கின்றனர். அது சோழர் காலத்து நூல் என்பது இருவர்க்கும் இரண்டாம் நிலைச் செய்தியாகிவிடுகிறது.

இவ்விவாதத்தில் மதுரையும் அதனைச் சூழ்ந்த குன்றங்களும் பெற்ற கவனத்தைப் புதுக்கோட்டை பெறவில்லை. பாண்டியர், பல்லவர், முத்தரையர், இருக்குவேளிர், சோழர் எனப் பல ஆட்சிகள் மாறிமாறி நிலவிய எல்லைப்பகுதி இது. சமணத்தின் தடயங்கள் ஓராயிரம் ஆண்டுக்கும் மேலாக இடையறாது கிடைக்கும் மிகச் சில வட்டாரங்களுள் ஒன்றும் ஆகும். புதுக்கோட்டை சமஸ்தானம் தன் கல்வெட்டு மூலங்களை 1929இலேயே தனித்தொகுதியாக வெளியிட்டதால் இங்கு ஆய்வாளர்க்குச் சான்றுப் பஞ்சமும் இல்லை.

கதை வளர்ந்த முறை

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் பதிகங்கள் சமணரையும் பௌத்தரையும் கடுமையாகச் சாடுகின்றன. பதிகந்தோறும் ஒரு பாடலை இதற்கென ஒதுக்குவது அவர்தம் மரபு. அனல்வாதம், புனல்வாதம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தப்படும் பதிகங்களும் உள்ளன. ஆயினும் தோற்றவர் கழுவேறினர் என்னும் செய்தி அவற்றில் இல்லை. வென்றவர் தம் வெற்றியின் முடிவைத் தாமே பாடாது விட்டார் என்பது விளக்கம் வேண்டும் செய்தியாகும். கழுவேற்றம் தெளிவாகப் பேசப்படுவது நம்பியாண்டார் நம்பியின் நூல்களில். பின்னர்ச் சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில், அதனை விரித்துரைத்தார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது தனிப்படலமாயிற்று. மதுரைப் பொற்றாமரைக்குள மண்டபச் சுவரில் ஓவியமாகவும் இடம்பெற்றது. காலம் செல்லச்செல்ல நிகழ்ச்சி மங்குவதற்கு மாறாக மேலும் துலக்கம் பெறுவது இதன் தனித்தன்மை.

சேக்கிழாரின் கூற்றில் ஆய்வாளர் போதிய அளவு கருதாத நுட்பம் ஒன்று உண்டு. தோற்றால் கழுவேறுவோம் எனச் சமணர் தாமே சபதம் கூறியதாக அவர் அமைக்கிறார். தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு குலச்சிறையாரிடம் விடப்படுகிறது. சம்பந்தர் பகையற்றவர் எனினும், அடியார் தங்கிய மடத்திற்குத் தீயிட்ட குற்றத்தை எண்ணி அரசனைத் தடுக்காது இருந்தார் என்று காரணமும் தரப்படுகிறது. முந்திய நூல்கள் பெருமிதத்தோடு கூறியதற்குச் சேக்கிழார் நியாயம் தேட வேண்டியிருந்தது. அருளாளர் ஒருவர் முன்னிலையில் கொலை நிகழ்ந்தது என்பது 12ஆம் நூற்றாண்டுச் சைவப் பெரும்புலவர் ஒருவர்க்கே நெருடலாக இருந்துள்ளது. இதனைக் கொண்டு நிகழ்ச்சி உண்மை எனக் கூறவியலாது. மரபில் வந்த கதையை விலக்கும் உரிமை தமக்கில்லை என அவர் கருதினார் என்பது மட்டும் பெறப்படும்.

எண்ணாயிரம் என்னும் தொகையும் ஆராயத்தக்கது. நாலடியார் தோன்றிய வரலாறாக வழங்கும் கதையிலும் சமண முனிவர் எண்ணாயிரவரே வருகின்றனர். பாண்டியனிடம் விடைபெறாது பிரிந்த அவர்கள் ஆளுக்கொரு வெண்பாவை விட்டுச் சென்றனர். அரசன் ஏடுகளை வையையில் எறியச் செய்தான். 400 ஏடுகள் நீரோட்டத்தை எதிர்த்து வந்தன என்பது அக்கதை. பாண்டிய அரசன், எண்ணாயிரம் சமணர், வையை, எதிரேறும் ஏடு என நான்கு கூறுகளும் புனல்வாதக் கதையோடு ஒத்துள்ளன. ஒன்றில் சமணரின் ஏடு எதிரேறுகிறது; மற்றதில் சமணரின் ஏடு அடித்துச் செல்லப்பட்டுச் சம்பந்தரின் ஏடு எதிரேறுகிறது. எது எதற்கு முந்தியது என உறுதிசெய்வது எளிதன்று. ஒரே கதைக்கருவை இரு சமயத்தாரும் தத்தம் சார்பில் கையாண்டுள்ளனர் என்பதில் ஐயமில்லை. எனவே எண்ணாயிரம் என்பதை மக்கள்தொகைக் கணக்காகக் கொண்டு வாதிடுவது, ஏற்பினும் மறுப்பினும், பயனற்றது.

கதை தந்த காலக்கணிப்பு: சித்தன்னவாசல்

இக்கதைத் தொகுதி இலக்கிய எல்லைக்குள் நின்றிருப்பின் வரலாற்றாய்வுக்குப் பெரிய இடர் நேர்ந்திராது. அது கல்லின் காலத்தையும் தீர்மானித்தது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு.

திருநாவுக்கரசர் வரலாற்றில், அவரைத் துன்புறுத்திய காடவ மன்னன் மனம் மாறிச் சைவனாகிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்று சேக்கிழார் கூறுகிறார். அம்மன்னனின் இயற்பெயரை அவர் கூறவில்லை. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர் ஆதலின் அவனே இவன் என ஆய்வாளர் இணைத்தனர். திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டில் அவன் மாற்று நெறியினின்று இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதாகக் கொள்ளத்தக்க தொடர் இருப்பது இதற்கு அரணாயிற்று. இவ்வாறு அமைந்த மன்னன் வாழ்வில் சமணக் காலம், சைவக் காலம் என இரு கட்டங்கள் உருவாயின. சித்தன்னவாசல் ஓவியங்களை 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோபிநாதராவும் ழுவோ துப்ரேயும் கவனத்திற்குக் கொண்டுவந்தபோது அவற்றுக்கு இடம் ஆயத்தமாக இருந்தது. சமணக் குடைவரை ஆதலின் மகேந்திரன் மதம் மாறுமுன் குடைவித்தது என்றனர். சில கல் தொலைவிலுள்ள குடுமியான்மலையின் இசைக்கல்வெட்டு, உருத்திராசாரியரின் மாணவனான பரமமாகேசுவர மன்னன் ஒருவனைக் கூறுகிறது. அவன் பெயர் அங்கு இல்லை. அதுவும் மகேந்திரனுடையது, ஆனால் மதம் மாறிய பின்னர்ப் பொறிக்கப்பட்டது என்று கூறப்பட்டது. அண்டையிலுள்ள இரு குன்றுகள் ஒரு மன்னனின் மனமாற்றத்திற்கு முன்னும் பின்னுமாக வைக்கப்பட்டன. இவ்விணைப்பின் அழகே அதனை நெடுநாள் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக்கிற்று.

சித்தன்னவாசல் முகப்பின் பாடல் வடிவக் கல்வெட்டு இதனைக் குலைத்தது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தை எடுப்பித்ததாக அது தெரிவிக்கிறது. 1942இல் எஸ். பரமசிவனும் கே.ஆர். சீனிவாசனும் பழைய ஓவியப் படலம் ஒன்றையும் அதன்மேல் அமைந்த பின்னைய படலத்தையும் இனங்கண்டனர். குடைவரையின் தொடக்கம் 7ஆம் நூற்றாண்டிற்கு உரியதாகலாம். இன்று காணப்படும் ஓவியங்களில் பெரும்பகுதி பாண்டியர் காலத்தது என்பதே ஏற்கப்பட்ட முடிபு. ஆயினும் பொதுவாசகர்க்கான நூல்களில் மகேந்திரன் இன்னும் சித்தன்னவாசலை விட்டு அகலவில்லை. கதை தந்த காலக்கணிப்பு கல்வெட்டு வெளிப்பட்ட பின்னும் நிலைப்பது வியப்புக்குரியதன்று. அது எளிதில் நினைவில் நிற்கும் கதையாக இருப்பதே காரணம்.

இக்கல்வெட்டின் முதன்மை, பல்லவ–பாண்டியக் காலச் சிக்கலோடு முடிவதில்லை. எண்ணாயிரவர் கழுவேறியதாகக் கூறப்படும் நகரம் மதுரை, ஆணையிட்டவன் பாண்டியன். ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழித்து அதே மரபைச் சேர்ந்த பாண்டியன் ஆட்சியில் அதே மதுரையைச் சேர்ந்த சமண ஆசிரியர் ஒருவர், தம் ஊரையும் அரசன் பெயரையும் வெளிப்படையாகக் கல்லில் பொறித்துச் சமணக் கோயிலைப் புதுப்பிக்கிறார். மறைந்து வாழும் சமயத்தின் செயலாக இது தோன்றவில்லை. குன்றின் மறுபுறம் ஏழடிப்பாட்டத்தில் 17 கற்படுக்கைகள் உள்ளன. எருமிநாட்டில் பிறந்த ஒருவர்க்குச் சிறுபோசில் இளையர் அமைத்துக் கொடுத்த இருக்கையைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழ கி.மு. முதலாம் நூற்றாண்டினது. அதே குகையில் திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன் முதலிய துறவியர் பெயர்கள் 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான எழுத்தில் உள்ளன. சம்பந்தர் காலமும் அதற்கு அடுத்த காலமும் இவ்விடைவெளிக்குள் அடங்கும்.

கொடுத்தவரும் எடுத்தவரும்

கொடும்பாளூர் இருக்குவேளிர் சைவப் பற்றில் முன்னின்ற குடியினர். அறுபத்துமூவருள் ஒருவரான இடங்கழி நாயனார் இக்குடியினர் என்று பெரியபுராணம் கூறுகிறது. மூவர்கோயில் எடுப்பித்த பூதி விக்கிரமகேசரி, மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு மடமும் 11 ஊர்களும் வழங்கினான். இத்தகைய குடியைச் சேர்ந்த இருக்குவேள் ஒருவன், தேனிமலையில் மலயத்துவசன் என்னும் சமணத் துறவி தவம் செய்யக் கண்டு வணங்கிப் பள்ளிச்சந்தம் வழங்கியதாக அம்மலைக் கல்வெட்டு கூறுகிறது. பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்படும் இறையிலி நிலம். நாயனார் பிறந்த குடி சமண முனிவரை வணங்குவது புராணத்தின் உலகில் இயலாது. கல்வெட்டின் உலகில் இயல்பாக நிகழ்கிறது.

இச்சான்றுகளைக் கொண்டு முன்னோர் சமயப்பொறையோடு வாழ்ந்தனர் என்னும் இனிய முடிவிற்கு விரைவதும் தவறாகும். நார்த்தாமலை அதற்கு இடம் தருவதில்லை. மேலமலையில் விசயாலய சோழீச்சரத்திற்கு எதிரே இரு குடைவரைகள் உள்ளன. பெரியதனுள் ஒரே அமைப்புடைய 12 திருமால் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. கல்வெட்டில் அதன் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். மக்கள் வழக்கில் அது இன்றும் சமணர் குடகு. திருமால் கோயிலாக ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு நின்றும் பழைய உரிமையாளர் பெயரை ஊர் மறக்கவில்லை. இங்கு ஒரு சமயம் மற்றொன்றின் இடத்தில் அமர்ந்துள்ளது என்பதே பொதுக்கருத்து. வலிந்து கவரப்பட்டதா, கைவிடப்பட்ட குகை பின்னர்ப் பயன்பட்டதா என்று கூறும் சான்று இல்லை. சமணத் தொடர்புக்குப் பெயரே முதன்மை ஆதாரம் என்பதையும் மறத்தலாகாது.

இதே ஊரைச் சார்ந்த ஆளுருட்டிமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. ஆளை உருட்டித் தள்ளிய மலை என்று பொருள்படும் இப்பெயரைக் கேட்டவுடன் சமணர்க்கு நேர்ந்த கொடுமையை அதிலே காண முற்படுவது எளிது. ஆனால் அங்குள்ள பாண்டியர் காலக் கல்வெட்டு கனகசந்திர பண்டிதர், தன்மதேவ ஆசாரியர் என்னும் சமண ஆசிரியர்களையும் பள்ளிச்சந்தத்தையும் குறிக்கிறது. ஆகவே திருமால் கோயில் பற்றிய பதிவும் சமணர்க்குரிய நிலம் பற்றிய பதிவும் ஒரே மலைத்தொகுதியில், 13ஆம் நூற்றாண்டளவில், அடுத்தடுத்து நிற்கின்றன. ஊர்ப்பெயரின் ஒலியைக் கொண்டு வரலாறு எழுதுவோர்க்கு இம்மலை எச்சரிக்கையாகும்.

சமணம் இவ்வட்டாரத்தில் மெலிந்ததற்கான காரணத்தைக் கழுமரத்தை விடுத்து வேறிடத்தில் தேடுவதே தக்கது. நார்த்தாமலை தெலுங்குகுலகாலபுரம் என்னும் வணிக நகரமாக விளங்கியது. செட்டிப்பட்டியில் சிதைந்து கிடக்கும் சமணக் கோயில் சார்ந்த கல்வெட்டில் ஐஞ்ஞூற்றுவப் பெரும்பள்ளி என்னும் பெயர் வருகிறது. ஐந்நூற்றுவர் புகழ்பெற்ற வணிகக் குழுவினர். பதினெண்பூமி என்னும் தொடரும் வணிகக் குழுக்களோடு தொடர்புடையதே. ஒரு காலத்தில் தம் பெயரைப் பள்ளிக்கு இட்ட வணிகர் பிற்காலத்தில் விண்ணகரத்திற்கு இட்டனர் எனக் கருத இடமுண்டு. ஊன்றிப் பார்ப்பின் இது கொலையைவிட அமைதியான, ஆனால் கொலையைவிட முழுமையான அழிவு. பொருள் தருவோர் விலகிய பின் பள்ளிக்கு விளக்கெரிக்க எவருமில்லை. சிற்றூர்களில் தீர்த்தங்கரர் சிலைகள் மொட்டைப்பிள்ளையார் என்னும் பெயரில் படையல் பெறுவது இதன் கடைசிக் கட்டம்.

சிலுவைப்போர் தரும் ஒப்பீடு

பிற்காலச் சமணரின் இருப்பு கழுவேற்றத்தைப் பொய்யாக்கிவிடும் என்னும் வாதம் அடிக்கடி எழுகிறது. இதில் தருக்கப் பிழை உண்டு. 1096இல் முதலாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார் இரைன் ஆற்றங்கரை நகரங்களான வோர்ம்சிலும் மைன்சிலும் யூதரைக் கொன்றனர். பின்னர் அந்நகரங்களில் யூதர் மீண்டும் தழைத்தனர். தழைத்ததால் கொலை பொய்யாகவில்லை. சித்தன்னவாசலும் தேனிமலையும் மறுப்பது பூண்டோடு அழித்தல் என்னும் செய்தியை மட்டுமே. வன்முறை எங்கும் எப்போதும் நிகழவில்லை என்று அவை கூறவில்லை, கூறவும் இயலாது.

வேறுபாடு சான்றின் தன்மையில் உள்ளது. இரைன்கரைக் கொலைகளை எபிரேய மொழிக் குறிப்புகள் பாதிக்கப்பட்டோர் தரப்பில் பதிவுசெய்தன. இலத்தீன் நூல்களும் அவற்றைக் கூறுகின்றன. 1099இல் எருசலேமில் நிகழ்ந்த படுகொலைக்கும் இருதரப்புச் சான்றுகள் உண்டு. அங்கும் தொகை வளர்ந்தது. நிகழ்ச்சிக்கு அண்மைக்காலத்தவரான அந்தலூசிய அறிஞர் இபுனுல் அரபி அல்-அக்சாவில் 3000 பேர் இறந்தனர் என்றார். 1233இல் மறைந்த இபுனுல் அதீர் 70,000க்கும் மேல் என்றார். வளர்ந்த தொகை நிகழ்ச்சியைப் பொய்யாக்கவில்லை. மதுரை நிகழ்ச்சிக்கோ வென்றோர் தரப்புக் கூற்று மட்டுமே, அதுவும் நூற்றாண்டுகள் கழித்து, கிடைக்கிறது. கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் அதனை வரலாறாகக் கொள்ள மறுத்தது இந்நோக்கில் பொருத்தமே. எனினும் கட்டுக்கதை என்று கூறியவுடன் ஆய்வாளரின் பணி முடிந்துவிடுகிறது என்னும் எண்ணத்தையும் அது வளர்த்துவிட்டது. செய்யாத கொலையைச் செய்ததாகப் பெருமையோடு பாடிய சமூகம் எத்தகையது, அதற்கு அப்பெருமை ஏன் தேவைப்பட்டது என்னும் வினா அப்போதுதான் தொடங்குகிறது. கோயில் நிலமும் மடமும் பெருகிய சோழர் காலத்தில் திருமுறை தொகுக்கப்பட்டு, நாயன்மார் படிமங்கள் எழுந்தருளிவிக்கப்பட்ட சூழலில் அதற்கு விடை தேட வேண்டும்.

பாதிக்கப்பட்டோரின் நினைவு வேறு திசையில் செல்வதும் இருவிடத்தும் பொதுவானது. அரபு மொழியில் சிலுவைப்போர்கள் என்னும் பொருளில் இன்று வழங்கும் தொடர் 19ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது. இடைக்கால வரலாற்றாசிரியர் அவர்களைப் பரங்கியர் என்றே குறித்தனர். 1258இல் பாக்தாதை அழித்த மங்கோலியர் படையெடுப்பே அவர்க்குப் பேரிடராகத் தோன்றியது. தொண்டைமண்டலத் தமிழ்ச் சமணரின் மரபிலும் மதுரைக் கழுமரம் முதலிடம் பெறுவதில்லை. செஞ்சிப் பகுதியில் 15ஆம் நூற்றாண்டில் நாயக்கத் தலைவன் ஒருவன் சமணரைத் துன்புறுத்தியதாகவும், பலர் திருநீறு அணிந்து உயிர் தப்பியதாகவும் வழங்கும் செய்தியே அவர்தம் நினைவில் நிற்கிறது. நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் அதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி ‘சமணமும் தமிழும்’ நூலில் இத்தகைய செய்திகளைத் தொகுத்தளித்தார். பின்வந்தோர் மதுரையை மட்டும் எடுத்துக்கொண்டு செஞ்சியைக் கைவிட்டனர். யாருடைய துன்பம் பேசப்படுகிறதோ அவர்களிடம் கேளாமலே விவாதம் நிகழ்கிறது என்பது இத்துறையின் பெருங்குறை.

பூசல் உண்மையாக நிகழ்ந்த இடத்தில் எத்தகைய ஆவணம் எஞ்சும் என்பதற்குத் திருமயம் சான்று தருகிறது. ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடையப்பட்ட சிவன் கோயிலுக்கும் திருமால் கோயிலுக்கும் இடையே நெடுங்காலம் வழக்கு நீடித்தது. 1245இல் போசளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் நாட்டாரும் ஊராரும் இரு சமயத்தாரும் கூடித் தீர்வு கண்டனர். விளைச்சலின் பங்கு, நிலம், நீர்நிலை, இரு கோயில்களையும் பிரிக்கும் மதில் ஆகியவை பற்றியே கல்வெட்டு பேசுகிறது. அனல்வாதமோ புனல்வாதமோ அங்கு இல்லை. அச்சிவன் குடைவரையில் குடுமியான்மலையைப் போன்ற இசைக்கல்வெட்டு ஒன்றும் இருந்தது. பிற்கால எழுத்து அதன்மேல் பொறிக்கப்பட்டமையால் இன்று சில சொற்களே படிக்கக் கிடைக்கின்றன.